பிறந்த குழந்தை ஒரு பக்கம் மட்டும் பால் குடித்தால் என்ன செய்வது? படிப்படியான வழிகாட்டி

வலது மார்பில் வைத்தால் குழந்தை சத்தம் காட்டாமல் குடிக்கிறது. இடது மார்புக்கு மாற்றினால் முகத்தைத் திருப்புகிறது, உடம்பை வளைக்கிறது, தொண்டை கிழிய அழுகிறது. பிரசவம் முடிந்த முதல் சில வாரங்களில் நிறைய தாய்மார்கள் சொல்லும் கவலை இது. பார்க்க வந்தவர்களும் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பக்கம் பால் கெட்டுப்போச்சு, பால் கசக்குது, பால் பத்தலை, பவுடர் பால் வாங்கு. இவற்றை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். குழந்தை உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் குடிப்பதில் அதற்கு ஏதோ ஒரு சிரமம் இருக்கிறது. அது என்ன என்று தேடுவதுதான் நம் வேலை.

தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்யச் சில நாட்கள் ஆகும், சிலருக்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதுவரை இரண்டைக் காப்பாற்ற வேண்டும்: குழந்தையின் வயிறு நிறைவது, குடிக்காத மார்பில் பால் வற்றாமல் இருப்பது. இந்த இரண்டும் சரியாக நடந்தால் பழக்குவதற்கு எவ்வளவு நாள் ஆனாலும் பயமில்லை. அதனால்தான் பழக்கும் முறைகளைப் பின்னால் வைத்து, இவற்றை முதலில் சொல்கிறேன்.

படி 1: குழந்தைக்குப் பால் போதுகிறதா?

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கும். ஒரு மார்பில் மட்டும் குடிக்கும் குழந்தை இன்னும் அடிக்கடி கேட்கலாம். அது பால் போதவில்லை என்பதற்கான அடையாளம் அல்ல. போதுகிறதா என்பதைத் துணியிலும் தராசிலும்தான் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது 6 முறை நன்றாக நனையும்படி சிறுநீர் போக வேண்டும். சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் கறுப்பாகத் தார்போல வந்த மலம், ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். டயப்பர் போட்டால் இந்தக் கணக்கு குழம்பிவிடும். இந்த நாட்களில் மட்டுமாவது பழைய வேட்டித் துணி கட்டுங்கள்.

எடையில் ஒரு விஷயம் பலரைப் பயமுறுத்துகிறது. பிறந்த முதல் சில நாட்களில் பெரும்பாலான குழந்தைகளுக்கு எடை கொஞ்சம் குறையும். பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 10 சதவீதத்தை நெருங்கினால் உடனே குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அதன்பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறினால் குழந்தைக்குத் தேவையானது கிடைக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் ஒரே தராசில், துணி இல்லாமல் எடை பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ பார்க்கலாம். வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம்.

எடை ஏறவில்லை, சிறுநீர் குறைவு என்றால் பழக்கும் முயற்சி கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் கறந்த பாலைக் கொடுத்து வயிற்றை நிரப்புங்கள். பசியில் துவண்ட குழந்தைக்குப் புதிதாக எதையும் பழகத் தெம்பு இருக்காது.

படி 2: குடிக்காத பக்கத்தைச் சும்மா விடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வையுங்கள்.

இரண்டு மார்பும் தனித்தனியாகத்தான் பால் உற்பத்தியைக் கூட்டும், குறைக்கும். ஒரு பக்கம் பால் வெளியே போகாமல் தேங்கினால், தேங்கிய பாலே அந்தப் பக்கத்துச் சுரப்பிகளுக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிடும். மறுபக்கம் பாட்டுக்கு நன்றாகச் சுரந்துகொண்டிருக்கும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது இங்கே அப்படியே பொருந்தும். குழந்தை குடிக்கவில்லை, அதனால் பால் குறைகிறது. பால் குறைந்ததால் வாய் வைத்ததும் வருவதில்லை, அதனால் குழந்தை இன்னும் கோபப்படுகிறது. இந்தச் சுழலை நிறுத்துவது உங்கள் கைதான்.

சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, வெந்தயக் கஞ்சி எல்லாம் சாப்பிடுங்கள், பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்ல சாப்பாடு வேண்டும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் பால் குறைந்திருந்தால் அதற்குக் காரணம் சாப்பாடு அல்ல. இரண்டு மார்புக்கும் போவது ஒரே ரத்தம். தாயைப் பத்தியத்தைக் காட்டித் திட்டுகிற வீடுகளில் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

குழந்தை அந்தப் பக்கம் குடிக்காத ஒவ்வொரு வேளையும் அங்கே கறக்க வேண்டும். பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவில் ஒரு முறையாவது. பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம் என்பதால் அந்த இரவு வேளையை விடாதீர்கள்.

கையால் கறப்பது இப்படி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாய் அகன்ற எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து வையுங்கள். மார்பை உள்ளங்கையால் மெதுவாக நீவிவிடுங்கள். கட்டைவிரலைக் காம்புக்கு மேலேயும், ஆட்காட்டி விரலைக் கீழேயும், காம்பிலிருந்து 3 அல்லது 4 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் விரல்களை மார்புக்குப் பின்னால் இருக்கும் விலா எலும்பை நோக்கி உள்ளே அழுத்துங்கள். அப்புறம் இரண்டு விரலையும் ஒன்றோடொன்று சேர்ப்பதுபோல அமுக்கி விடுங்கள். அமுக்குவது, விடுவது, அமுக்குவது, விடுவது. தோலின்மேல் விரலை வழுக்கி இழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்துப் பிதுக்கக் கூடாது. வலித்தால் விரல் வைத்த இடம் தவறு. சில நிமிடம் கழித்து விரல்களைப் பக்கவாட்டில் நகர்த்தி மற்ற பகுதிகளையும் கறக்கவும்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஒரு ஸ்பூன் கூடத் தேறவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். அந்த நாட்களில் குழந்தைக்குத் தேவையும் அவ்வளவுதான். பால் நன்றாக வரத் தொடங்கியபின் பம்ப் பயன்படுத்தலாம், ஆனால் முதல் நாட்களின் கெட்டியான சீம்பாலுக்குக் கைதான் சிறந்தது.

கறந்த பாலைப் புட்டியில் கொடுக்க வேண்டாம். நம் வீடுகளில் இருக்கும் சங்கு அல்லது பாலாடை இதற்கென்றே இருக்கிறது. 10 நிமிடம் கொதிக்க வைத்து எடுங்கள். குழந்தை விழித்திருக்கும்போது, தலையை நிமிர்த்திப் பிடித்து, கீழுதட்டில் விளிம்பை வைத்து, அது நாக்கால் இழுத்துக் குடிக்கும்படி கொஞ்சம் கொஞ்சமாகச் சாயுங்கள். படுக்க வைத்து வாய்க்குள் ஊற்றினால் புரையேறிவிடும், அது ஆபத்து. கறந்த பாலை வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. உடனே தேவையில்லை என்றால் மூடிப் ஃப்ரிட்ஜின் உள்பக்கத்தில் வையுங்கள், கதவில் வேண்டாம்.

படி 3: காரணத்தைத் தேடுங்கள்

காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம்: நீங்கள் பிடிக்கும் விதத்தில், மார்பில், குழந்தையின் உடம்பில். சுலபமானதிலிருந்து தொடங்குவோம்.

வலது கைப் பழக்கம் உள்ள பெண்ணுக்கு இடது மார்பில் கொடுப்பது பெரும்பாலும் சுலபமாக இருக்கும். குழந்தை இடது கையில் இருக்க, நன்றாக வேலை செய்யும் வலது கை மார்பைப் பிடித்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. வலது மார்புக்கு மாறும்போது எல்லாம் தலைகீழாகிறது. பழகாத கையால் காம்பைக் காட்டுகிறார், குழந்தை சரியாகக் கவ்வவில்லை, அழுகிறது. இடது கையில் டிரிப்ஸ் ஊசி இருந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். சிசேரியன் ஆனவர்கள் முதல் சில நாட்கள் ஒரு பக்கம் மட்டுமே திரும்பிப் படுக்க முடியும், அந்தப் பக்கமே குழந்தைக்குப் பழகிவிடுகிறது. வீட்டுக்கு வந்தபின் இன்னொன்று: குழந்தை விழுந்துவிடக் கூடாது என்று சுவரோரம் படுக்க வைப்போம். இரவு முழுக்க அந்த ஒரு பக்கம்தான் பால். காரணம் இதுதானா என்று தெரிந்துகொள்ள, இரண்டு நாள் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் படுத்துப் பாருங்கள்.

அடுத்தது மார்பு. இரண்டு காம்பும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று எடுப்பாகவும் மற்றது தட்டையாகவோ உள்ளே இழுத்தோ இருக்கலாம். குழந்தை காம்பை மட்டும் சப்புவதில்லை, சுற்றியுள்ள கருமையான பகுதியையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வுகிறது. அதனால் காம்பு தட்டையாக இருந்தாலும் குடிக்க முடியும், ஆரம்பத்தில் கொஞ்சம் உதவி வேண்டும், அவ்வளவுதான். அரசு மருத்துவமனைகளில் செவிலியர்கள் சொல்லித்தரும் சிரிஞ்ச் முறை இதற்கு நல்லது. புதிய 10 மில்லி சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, உள்தண்டை வெட்டிய பக்கம் வழியாகச் செருகுவார்கள். வழவழப்பான மறுமுனையைக் காம்பின்மேல் வைத்துத் தண்டை மெதுவாக இழுத்தால் காம்பு வெளியே வரும். அரை நிமிடம் அப்படியே வைத்து விடுவிக்க வேண்டும். பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு செய்யலாம். வலித்தால் இழுப்பு அதிகம், தண்டை உள்ளே தள்ளிக் குறையுங்கள். முதல் முறை செவிலியரை வைத்துச் செய்துபார்ப்பது நல்லது.

பால் வரும் வேகமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பக்கம் வாய் வைத்ததும் பீறிட்டு வந்தால் குழந்தை திணறி, இருமி, விலகும். சில நொடி குடித்துவிட்டு அழுதால் இதைச் சந்தேகிக்கலாம். மாறாக, பால் வர நேரமானால் குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு எரிச்சலில் இழுக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இறுகினால் காம்பு உள்ளே அமுங்கிவிடும், பந்தைக் கவ்வ முடியாததுபோல் குழந்தையின் வாய் வழுக்கும். அப்போது காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து உள்நோக்கி ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் அந்த இடம் மட்டும் இளகும். உடனே குழந்தையை வையுங்கள்.

மார்பில் அழற்சி வந்து போன பக்கத்தில் பால் கொஞ்ச நாள் உப்புக் கரிக்கும். குழந்தைக்கு அது பிடிக்காமல் போகலாம். தொடர்ந்து கறந்துவந்தால் சுவை பழையபடி ஆகிவிடும். மற்றபடி ஒரு மார்புப் பால் கசக்கும், மறு மார்புப் பால் இனிக்கும் என்பதெல்லாம் இல்லை. ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் தண்ணி என்று சில வீடுகளில் சொல்வார்கள், அதுவும் இல்லை. எந்த மார்பானாலும் நிறைந்திருக்கும்போது நீர்த்த பாலும், காலியாகக் காலியாகக் கொழுப்பு கூடிய பாலும் வரும்.

கடைசியாகக் குழந்தையின் உடம்பு. இதில்தான் நம் ஊரில் பெரிய தவறு நடக்கிறது. குழந்தை ஒரு பக்கம் தலை திருப்ப மாட்டேன் என்கிறது, திருப்பினால் அழுகிறது என்றால் பெரியவர்கள் உரம் விழுந்திருக்கிறது என்பார்கள். சேலையில் போட்டு இரண்டு பக்கமும் பிடித்து உருட்டி உரம் எடுக்க ஒருவரிடம் அழைத்துப் போவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பிறந்த குழந்தையின் கழுத்து தலையையே தாங்க முடியாத நிலையில் இருக்கிறது. அந்த உருட்டலில் கழுத்துக்கும் மூளைக்கும் காயம் ஏற்படலாம்.

பெரியவர்கள் பார்த்தது பொய்யல்ல. வயிற்றுக்குள் ஒரே கோணத்தில் நெருக்கிக்கொண்டு இருந்ததாலோ, பிரசவத்தின்போது இழுபட்டதாலோ கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகிப்போய், தலை ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் திரும்பி நிற்பது உண்டு. சில குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் அந்தத் தசையில் சிறு கட்டிபோல் தட்டுப்படும். மருந்தே இல்லாமல், பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் மென்மையான பயிற்சியிலேயே இது பெரும்பாலும் சரியாகிவிடும். முதல் சில மாதங்களுக்குள் தொடங்குவது முக்கியம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. அங்கே இதற்கான பயிற்சியை இலவசமாகப் பெறலாம். தூளியிலேயே நாள் முழுக்கக் கிடந்தால் தலை ஒரே பக்கம் திரும்பி நிற்பது கூடும், அதனால் இந்தக் குழந்தைகளுக்குத் தூளியைக் குறைத்துவிடுங்கள்.

ஆயுதம் போட்டு எடுத்த குழந்தைக்குத் தலையின் ஒரு பக்கம் வீங்கியிருக்கலாம், அந்தப் பக்கம் உங்கள் கையில் அழுந்தினால் வலிக்கும். தோள் சிக்கிப் பிறந்த குழந்தைக்குக் காறை எலும்பு முறிந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஒரு கையை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தாலோ, தூக்கும்போதெல்லாம் வீறிட்டாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பிறந்ததும் போடும் பிசிஜி ஊசி இடது மேல்கையில் போடப்படுகிறது, மஞ்சள்காமாலைத் தடுப்பூசி தொடையில். வலது மார்பில் மடியில் குறுக்காக வைத்துக் கொடுக்கும்போது குழந்தையின் இடது பக்கம் கீழே அழுந்தும். ஊசி போட்ட அன்றிலிருந்துதான் மறுக்கிறது என்றால், இந்தக் கோணத்தை மாற்றி ஓரிரு நாள் பாருங்கள்.

மூக்கடைப்பு, வாயில் வெள்ளைப் படலம், நாக்கின் அடிச்சதை குட்டையாக இருப்பது இவையும் காரணமாகலாம். ஆனால் இவை பொதுவாக இரண்டு பக்கமும் சிரமம் கொடுக்கும்.

படி 4: பழக்குங்கள், ஆனால் திணிக்காதீர்கள்

ஒரு விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் பின்தலையைப் பிடித்து மார்பில் அழுத்தக் கூடாது. அழுத்தினால் அது இயல்பாகவே பின்னுக்குத் தள்ளும். அதோடு அந்தப் பக்கம் என்றாலே பயம் என்று பதிந்துவிடும். உதவிக்கு வரும் பாட்டியோ அத்தையோ நல்ல எண்ணத்தில் இதைச் செய்வார்கள். "தலையை விட்டுடுங்க அத்தை, கழுத்தை மட்டும் தாங்கிக்கிறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.

நேரம் பார்த்துத் தொடங்குங்கள். அலறும் பசியில் முயற்சி செய்தால் நடக்காது. தூக்கம் கலையும்போது, கையை வாய்க்குக் கொண்டுபோகும்போது, விடியற்காலை அரைத்தூக்கத்தில், இவைதான் நல்ல நேரங்கள். அறையில் வெளிச்சம் குறைவாக இருக்கட்டும். பார்க்க வந்தவர்கள் வெளியே இருக்கட்டும்.

ரவிக்கையைக் கழற்றிவிட்டு, குழந்தையைத் துணியில்லாமல் நெஞ்சின்மேல் குப்புறப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு சேலையைப் போர்த்திச் சாய்ந்திருங்கள். பால் கொடுக்க வேண்டும் என்ற அவசரமே வேண்டாம். பிறந்த குழந்தை தானாகவே தலையை ஆட்டி ஆட்டி மார்பைத் தேடும். எந்தப் பக்கம் வேண்டாம் என்றதோ அந்தப் பக்கத்துக்கே சில நேரம் தானாகப் போய்ச் சேரும். அப்படிச் சாய்ந்த நிலையில் கொடுக்கும்போது வேகமாகப் பீறிடும் பாலும் கட்டுப்படும்.

மேலே சொன்னது போதவில்லை என்றால் நகர்த்தும் முறைக்கு வாருங்கள். எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். குழந்தைக்கு வலது பக்கம் பிடிக்கும், இடது பக்கம் பிடிக்காது என்று வைத்துக்கொள்வோம்.

1. வலது மார்பில் வழக்கம்போல் மடியில் குறுக்காக வைத்துக் கொடுங்கள். குழந்தையின் தலை உங்கள் வலப் பக்கம், கால் இடப் பக்கம் இருக்கும்.
2. இடுப்பின் இடப் பக்கத்தில் முன்கூட்டியே ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். இடது மார்பைக் கையால் நீவி, காம்பில் சில சொட்டுப் பால் வரவழைத்து வையுங்கள்.
3. குழந்தை சப்பத் தொடங்கிச் சிறிது நேரத்தில் சப்பும் தாளம் மாறி, மடக் மடக் என்று விழுங்கும் சத்தம் கேட்கும். பாலை இறக்கும் ஹார்மோன் இரண்டு மார்புக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் இடது பக்கமும் அப்போது பால் இறங்கியிருக்கும்.
4. பசியின் வேகம் கொஞ்சம் அடங்கியதும் சுண்டுவிரலை வாயோரம் விட்டுக் கவ்வலை விடுவியுங்கள். குழந்தையைத் திருப்பிப் போடாமல், அதே பக்கமாகப் படுத்த நிலையிலேயே இடப் பக்கம் நகர்த்துங்கள். தலை இடது மார்புக்கு வரும், கால்கள் உங்கள் இடது கைக்கு அடியில் பின்பக்கம் போகும்.
5. இடது உள்ளங்கையால் குழந்தையின் கழுத்தையும் தோளையும் தாங்குங்கள். காம்பால் மேலுதட்டைத் தொடுங்கள். வாயை அகலமாகத் திறக்கும் நொடியில் அருகே கொண்டுவாருங்கள்.

குழந்தையைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. அதே தோள்தான் கீழே, கழுத்தும் அதே பக்கம். சிசேரியன் காயத்தின்மேல் காலும் படாது. கழுத்து இறுக்கம் உள்ள குழந்தைகளுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்.

படுத்துக் கொடுப்பவர்கள் வேறு மாதிரி செய்யலாம். வலப் பக்கம் ஒருக்களித்து வலது மார்பில் கொடுத்துவிட்டு, அதே பக்கம் படுத்தபடியே குழந்தைக்கு அடியில் மடித்த துண்டை வைத்துக் கொஞ்சம் உயர்த்தி, நீங்கள் முன்பக்கம் சாய்ந்து மேலே இருக்கும் இடது மார்பைக் கொடுங்கள். குழந்தையின் மூக்கு அமுங்காமல் பாருங்கள். தூக்கம் கண்ணை அழுத்தும் நேரத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

பால் பீறிட்டு வருவதுதான் காரணம் என்று தெரிந்தால், முதல் வேகத்தை ஒரு துணியில் கறந்து விட்டுவிட்டு, அடங்கியபின் வையுங்கள். பால் தாமதமாக வருவதுதான் காரணம் என்றால், முதலில் வெதுவெதுப்பான துணியை ஒத்தி, கையால் கறந்து, பால் வரத் தொடங்கிய பின்னரே வாயில் வையுங்கள். குடிக்கும்போது சப்புவது நின்றால் மார்பை உள்ளங்கையால் மெதுவாக அமுக்கிக் கொடுங்கள், மறுபடி விழுங்கத் தொடங்கும்.

சில குழந்தைகள் உட்கார்ந்து கொடுத்தால் மறுக்கும், எழுந்து மெல்ல நடந்துகொண்டே கொடுத்தால் குடிக்கும். நடந்து பாருங்கள்.

ஒரு முயற்சி 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அழத் தொடங்கினால் உடனே நிறுத்தி, தோளில் போட்டுச் சமாதானம் செய்து, பிடித்த பக்கம் கொடுத்துவிடுங்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று முயற்சி போதும். முதல் நாள் நக்கிப் பார்த்தாலே அது முன்னேற்றம்தான். அழாமல் அந்தப் பக்கம் படுத்திருந்தாலும்கூட முன்னேற்றம்தான்.

படி 5: பால்கட்டு வராமல் பாருங்கள்

குழந்தை குடிக்காத பக்கம் பால் கட்டும், பிடித்த பக்கம் காம்பு புண்ணாகும். இந்த நாட்களில் இரண்டையும் கவனிக்க வேண்டும்.

பால் கட்டி வலித்தால், கொடுப்பதற்குச் சற்று முன் மட்டும் வெதுவெதுப்பான துணி ஒத்தலாம். மற்ற நேரத்தில் குளிர்ந்த துணிதான் வீக்கத்தைக் குறைக்கும். கட்டியைக் கரைப்பதாகச் சொல்லி உருட்டிப் பிசைவதும் சீப்பால் அழுத்தி வாருவதும் உள்ளே காயத்தையும் வீக்கத்தையும் கூட்டும். தடவுவது போன்ற மென்மையான நீவல் போதும்.

மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அது வீண் நம்பிக்கை இல்லை. வேலூரில் 1980களில் நடந்த ஒரு மருத்துவ ஆய்வில், பாலை நிறுத்த வேண்டிய தாய்மார்களுக்கு மல்லிகைப் பூ உண்மையிலேயே பால் சுரப்பைக் குறைத்தது தெரியவந்தது. அதனாலேயே சொல்கிறேன், காப்பாற்ற வேண்டிய மார்பில் அதைக் கட்டாதீர்கள். வலி குறையலாம், பாலும் சேர்ந்து குறைந்துவிடும்.

மார்பில் ஓர் இடம் சிவந்து, சூடாகி, வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பக்கம் கறப்பதை நிறுத்தக் கூடாது. காய்ச்சல் இருந்தாலும் அந்தப் பால் குழந்தைக்குக் கொடுக்க ஏற்றதுதான்.

பிடித்த பக்கத்தில் காம்பு வெடித்திருந்தால் குழந்தை ஆழமாகக் கவ்வவில்லை என்று பொருள். களிம்பு தேடுவதற்கு முன் கவ்வலைச் சரிசெய்யுங்கள். கொடுத்து முடித்ததும் ஒரு சொட்டுத் தாய்ப்பாலைத் தடவிக் காற்றில் உலர விடுங்கள்.

கடைசி வரை மறுத்தால்?

எல்லாம் செய்தும் சில குழந்தைகள் மனம் மாறுவதில்லை. அப்போதும் டப்பா பாலுக்கு ஓட வேண்டியதில்லை. ஒரே மார்பில் குடித்து ஒரு குழந்தை நன்றாக வளர முடியும். இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து வளர்க்கும் தாய்மார்களிடம் ஆளுக்கொரு மார்புதான் கிடைக்கிறது. ஹாங்காங்கின் மீனவக் கிராமங்களில் டங்கா இனப் பெண்களின் மேலாடை வலப் பக்கம் திறக்கும்படி தைக்கப்பட்டது, அவர்கள் வழிவழியாக வலது மார்பில் மட்டுமே பால் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

இரண்டு மார்பும் சமமாகக் கொடுப்பதுதான் இயல்பு என்று நினைப்பதும் சரியல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் 71 தாய்மார்களை வைத்து நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வில், பாதிக்குப் பாதி என்று இரண்டு பக்கமும் சுரக்கவில்லை, வலது மார்பில் கூடுதலாகச் சுரப்பதே அதிகம் காணப்பட்டது. குழந்தைகளில் 30 சதவீதம் ஒரு வேளைக்கு ஒரு மார்பில் மட்டுமே குடித்தன. அவையும் நல்ல வளர்ச்சியோடு இருந்த குழந்தைகள்தான்.

ஒரு பக்கம் மட்டும் கொடுப்பது என்று முடிவு செய்தால், மறு பக்கத்தைத் திடீரென விடாதீர்கள். கறக்கும் இடைவெளியை நாளுக்கு நாள் நீட்டி, கனம் குறையும் அளவுக்கு மட்டும் கறந்து, ஒன்றிரண்டு வாரத்தில் நிறுத்துங்கள். மார்புகள் அளவில் வித்தியாசமாகத் தெரியும். பால் மறந்தபின் பெரும்பாலும் முன்போல் ஆகிவிடும்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

குழந்தை பாலுக்கே எழாமல் துவண்டு கிடப்பது, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மஞ்சள் நிறம் கால்வரை அல்லது உள்ளங்கை உள்ளங்கால்வரை பரவுவது, உடல் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொடுவது, உடம்பு சில்லிட்டுப்போவது, இரண்டு பக்கமும் குடிக்க மறுப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

தாய்க்கு ஒன்று. இதுவரை இரண்டு பக்கமும் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை, எந்தக் காரணமும் தெரியாமல் ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, பல வாரமாகியும் திரும்பவில்லை என்றால் அந்த மார்பை மருத்துவரிடம் காட்டுங்கள். மிக அரிதாக, உள்ளே வளரும் கட்டியின் முதல் அடையாளமாக இது இருந்திருக்கிறது. அதேபோல, பால்கட்டு என்று நினைத்த கட்டி கறந்தபிறகும் இரண்டு வாரமாக அப்படியே இருந்தாலும், காம்பிலிருந்து ரத்தம் கலந்து வந்தாலும், தோல் சுருங்கிக் குழி விழுந்தாலும் பரிசோதிக்க வேண்டும். பால் கொடுக்கும் காலத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பதால் பாலுக்கோ குழந்தைக்கோ எந்தப் பாதிப்பும் இல்லை, அதற்காகப் பாலை நிறுத்தவும் வேண்டாம்.

குழந்தைக்கு 6 வாரம் ஆகும்போது தடுப்பூசிக்கு எப்படியும் போவீர்கள். ஒரு பக்கம்தான் குடிக்கிறது என்பதை அன்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூட்டத்தில் அவர் தானாகக் கேட்க மாட்டார். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், வாயையும் பார்க்கச் சொல்லுங்கள், எடையைப் பிறந்த எடையோடு ஒப்பிட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.